ஏட்டிலிருந்து நாட்டுக்கு

(டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்)

எல்லையோர ஊர்

திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் சப்தகிரி விரைவு வண்டியில் பயணம் செய்வோர் இரேணிகுண்டா, புத்தூர், ஏகாம்பரகுப்பம் ஆகிய நிலையங்களைக் கடந்து திருத்தணியை அடைவர். அங்கே நிலையப் பெயர்ப்பலகையின் முதல் வரி தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாறும். இரண்டு மாநிலங்களின் எல்லை அது. விடுமுறைக்குத் தாத்தா பாட்டியின் ஊருக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் இந்த மாற்றம் நன்கு தெரியும்.

1888-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தபோது அத்தகைய எல்லை எதுவும் இல்லை. திருத்தணியும் திருப்பதியும் சித்தூரும் வேலூரும் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது சித்தூர். 1911-இல் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்பட்டபோது திருத்தணி அதனுள் சென்றது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து அதுவும் ஆந்திரத்தின் பகுதியாயிற்று. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சத்தியவேடு பகுதி சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. இவ்வாறு, இராதாகிருஷ்ணன் இந்தியாவின் குடியரசுத் துணைத்தலைவராக இருந்த காலத்திலேயே அவர் பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்கு மாறியது. அவரைத் தமிழர் தமிழ்நாட்டவர் என்பர். தெலுங்கர் தம்மவர் என்பர். இருவர் கூற்றிலும் பிழை இல்லை.

அவருடைய குடும்பத்தின் தாய்மொழி தெலுங்கு. சர்வபள்ளி என்பது நெல்லூர் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். முன்னோர் அவ்வூரை விட்டுப் பெயர்ந்து வந்தபோது ஊரின் பெயரையும் தம் பெயரோடு எடுத்து வந்தனர். பிழைப்பிற்காக வேற்றிடம் சென்ற குடும்பத்தில் தோன்றிய பிள்ளையே இராதாகிருஷ்ணன். தந்தை வீராசாமி வருவாய்த்துறையில் சிறிய பணி ஒன்றில் இருந்தார். தாயின் பெயர் சீதம்மா. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. பிள்ளையின் கல்வி பெரிதும் உதவித்தொகையை நம்பியே நடந்தது.

திருப்பதிப் பள்ளியில்

திருத்தணியில் தொடக்கக் கல்வியை முடித்த இராதாகிருஷ்ணன், 1896-இல், எட்டு வயதில், திருப்பதிக்கு அனுப்பப்பட்டார். செர்மனி நாட்டின் எர்மன்சுபர்க்கு என்னும் ஊரைச் சேர்ந்த லுத்தரன் மறைப்பணியாளர்கள் அங்கே ஒரு பள்ளி நடத்தி வந்தனர். அதில் அவர் நான்கு ஆண்டுகள் பயின்றார். மலைமேல் வேங்கடவன் கோயில், மலையடிவாரத்தில் செர்மானியர் நடத்திய கிறித்தவப் பள்ளி, வீட்டில் தெலுங்கு, பிறந்த ஊரின் தெருவில் தமிழ், பாடநூலில் ஆங்கிலம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இவை அனைத்திற்கும் நடுவே வளர்ந்தான்.

அக்காலத்தைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதியவற்றில் நண்பர் கூட்டமோ விளையாட்டுத்திடலோ முன்னிற்கவில்லை, நூல்களே முன்னிற்கின்றன. அவர் கூச்சம் மிக்க சிறுவராக இருந்தார். பலர் கூடும் இடங்களைத் தவிர்த்தார். தனிமையிலும் படிப்பிலும் இன்பம் கண்டார். பின்னாளில் உலகமே வியக்கும் சொற்பொழிவாளராக விளங்கியவர், இளமையில் பிறரோடு பேசத் தயங்கியவர் என்பதை நம்புவது சற்றுக் கடினம். எனினும் தம் இயல்பில் கூச்சம் உண்டு என்பதை அவரே பதிவு செய்துள்ளார். கூச்சமுள்ள பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. அணி பிரித்து ஆடும்போது கடைசியாக அழைக்கப்படும் அப்பிள்ளைகளைப் பற்றி யாரும் மிகுதியாக எழுதுவதில்லை.

1900-இல் அவர் வேலூருக்குச் சென்று, பள்ளிப்படிப்பின் எஞ்சிய பகுதியையும் இடைநிலைக் கல்லூரிப் படிப்பையும் அங்கேயே முடித்தார். அவர் பயின்ற ஊரிசுக் கல்லூரி அமெரிக்க மறைப்பணியாளருடையது. அதன்பின் சேர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஸ்காட்லாந்து நாட்டவருடையது. இன்று தாம்பரத்தில் உள்ள அக்கல்லூரி அப்போது சென்னை நகரின் நடுவே, துறைமுகத்தை அடுத்த பகுதியில் இயங்கியது. ஆக, 1896 முதல் 1908 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கிறித்தவ நிறுவனங்களிலேயே கல்வி கற்றார். அங்கே நல்லாசிரியர்கள் கிடைத்தனர். அதே நேரத்தில், தம் வீட்டாரின் சமய நம்பிக்கைகள் அறிவுக்குப் பொருந்தாதவை என்னும் கடுமையான விமரிசனத்தையும் அவர் அடிக்கடி கேட்க நேர்ந்தது. அது அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது.

இவ்விடத்தில் அவர் செய்ததை நின்று நோக்க வேண்டும். தம் வீட்டைப் பற்றிய விமரிசனத்தைக் கேட்கும் மாணவன் ஒன்று சினந்து சண்டையிடுவான். அல்லது தன்னுடையதை மறைத்து ஒதுங்கிவிடுவான். இராதாகிருஷ்ணன் இரண்டையும் செய்யவில்லை. சொல்லப்பட்டது உண்மையா என்று ஆராயத் தொடங்கினார். இந்திய மெய்யியலில் எது உயிருள்ளது, எது உயிரற்றது என்பதைத் தேடும் முயற்சியே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. குறை கூறிய ஆசிரியர்களிடமும் அவர் பகைமை கொள்ளவில்லை.

மூன்று பழைய நூல்கள்

கல்லூரியில் எப்பாடத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பது என்னும் கேள்வி எழுந்தது. கணிதம், இயற்பியல், உயிரியல், மெய்யியல், வரலாறு ஆகியவற்றுள் எதையும் தேர்ந்தெடுக்கலாம். அந்நேரத்தில் மெய்யியல் படித்துப் பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம்மிடமிருந்த மூன்று பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். உளவியலைப் பற்றி ஸ்டவுட்டும், அளவையியலைப் பற்றி வெல்ட்டனும், அறவியலைப் பற்றி மெக்கன்சியும் எழுதியவை அவை. புதிய நூல்கள் வாங்கும் செலவு மிச்சமாயிற்று. இராதாகிருஷ்ணன் மெய்யியலைத் தேர்ந்தெடுத்தார். உலகப் புகழ் பெற்ற மெய்யியல் அறிஞர் ஒருவர் அத்துறைக்குள் நுழைந்த வழி இதுவே. பெரிய கனவுகள் எவையும் அதில் இல்லை.

முதுகலைத் தேர்வின் ஒரு பகுதியாக வேதாந்தத்தின் அறவியலைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1908-இல் நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. அதைப் பாராட்டியவர் அவருடைய பேராசிரியர் ஏ. ஜி. ஹாக். ஹாக் ஒரு கிறித்தவ இறையியலாளர். மாணவர் எழுதியதோ இந்து மெய்யியலுக்கு ஆதரவான நூல். கருத்தில் வேறுபட்டும் உழைப்பை மதிக்கும் ஆசிரியர் வாய்ப்பது மாணவரின் நற்பேறு.

சக மாணவரிடையே

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியப் பணி கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆசிரியர் பயிற்சிக்காகச் சைதாப்பேட்டைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் மீண்டும் மாணவர். உளவியலில் அவர் பெற்றிருந்த தேர்ச்சியைக் கண்ட ஆசிரியர், அவ்வகுப்புக்கு அவர் வரத் தேவையில்லை என்று விலக்களித்தார். அவருடன் பயின்றவர்களுக்கோ அப்பாடம் கடினமாக இருந்தது. அவர்கள் இராதாகிருஷ்ணனிடமே பாடம் சொல்லித் தருமாறு கேட்டுக்கொண்டனர். அவரும் இசைந்தார். சக மாணவர்களுக்காக அவர் ஆற்றிய அவ்வுரைகள் பின்னர் 1912-இல் உளவியல் அடிப்படைகளைப் பற்றிய நூலாக வெளிவந்தன.

இது சிறிய நிகழ்ச்சி. அவரைப் பற்றிய கட்டுரைகளில் இது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆயினும் கூச்சமுள்ள ஒருவர் தலைமை ஏற்ற முதல் இடம் இதுவே எனலாம். அவரை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. சட்டையில் குத்தும் பட்டயமும் இல்லை. தமக்குத் தெரிந்தது உடன் இருப்பவருக்குத் தேவைப்பட்டது, அதைக் கொடுத்தார். மத்தியப் பள்ளிகளில் சிவாஜி, தாகூர், அசோகா, இராமன் என நான்கு அணிகளாகப் பிரிந்து போட்டியிடும் மாணவர்கள், அணித்தலைவர் என்றவுடன் அணிவகுப்பின் முன் கொடி பிடித்து நடப்பவரையே நினைப்பர். தேர்வுக்கு முந்திய மாலையில் வகுப்புத் தோழனுக்குக் கணக்குச் சொல்லித் தருபவனும் அணியை நடத்துபவனே.

அரசுப் பணி என்பதால் இடமாற்றங்களும் இருந்தன. அனந்தப்பூர், இராசமுந்திரி என ஊர்கள் மாறின. 1918-இல் மைசூர் மகாராசா கல்லூரியில் பேராசிரியரானார். கையில் குறிப்பு எதுவும் இன்றி, தெளிவான மொழியில், கடினமான கருத்தையும் எளிதாக்கிக் கூறும் அவருடைய வகுப்புகள் அங்கே புகழ் பெற்றன. வகுப்பு முடிந்த பின்னும் மாணவர்களுக்கு அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

1921-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அவர் மைசூரை விட்டுப் புறப்பட்ட நாளில், மாணவர்கள் குதிரை வண்டி ஒன்றை மலர்களால் அலங்கரித்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவர் அமர்ந்த வண்டியைத் தாங்களே தொடர்வண்டி நிலையம் வரை இழுத்துச் சென்றனர். திருப்பதியில் தனிமையை நாடிய சிறுவன், முப்பத்திரண்டு வயதில், தன்னைப் பிரிய மனமில்லாத ஓர் இளைஞர் கூட்டத்தின் நடுவே அமர்ந்திருந்தான்.

சித்தூர் மண்ணின் இருவர்

இந்திய மெய்யியல் பற்றிய இரு பெருந்தொகுதிகள், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆற்றிய சொற்பொழிவுகள், ஆக்சுபோர்டில் பேராசிரியர் பதவி என அடுத்த ஆண்டுகள் விரைந்து சென்றன. அவற்றை விரித்துரைக்கத் தனி நூலே வேண்டும். அவற்றினிடையே ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஒன்று சித்தூர்ப் பகுதியில் வாழ்வோருக்கு மிக நெருக்கமானது.

1926-இல் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி. சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880-இல் பிறந்தவர். சித்தூரிலேயே பள்ளிப்படிப்பை முடித்தவர். சில ஆண்டுகள் முன்னதாக அதே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். கல்லூரி மாணவராக இருந்தபோதே அவர் முசலம்ம மரணம் என்னும் தெலுங்குக் காப்பியத்தை எழுதினார். உடையும் நிலையில் இருந்த ஏரியிலிருந்து ஊரைக் காக்கத் தன்னுயிரைக் கொடுத்த ஒரு பெண்ணின் கதை அது. பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்றபோது, அங்குள்ள மாணவர் மன்றத்தின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை நாட்டிலிருந்து சென்ற ஓர் இளைஞரை ஆங்கிலேய மாணவர்கள் அப்பொறுப்பில் அமர்த்தியது எளிய செய்தி அன்று.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது அரசின் அடக்குமுறையைக் கண்டித்து ரெட்டி துணைவேந்தர் பதவியைத் துறந்தார். அவர் இடத்திற்கு 1931-இல் வந்தவர் இராதாகிருஷ்ணன். 1936-இல் இராதாகிருஷ்ணன் விலகியபின் ரெட்டியே மீண்டும் வந்தார். ஒருவர் மேடையும் விவாதமும் அரசியலும் விரும்பியவர். மற்றவர் அமைதியை விரும்பியவர். எனினும் இளைய பல்கலைக்கழகம் ஒன்றை இருவரும் மாறி மாறித் தோளில் சுமந்தனர். இராதாகிருஷ்ணன் காலத்தில், செய்ப்பூர் மன்னர் விக்கிரமதேவ வர்மாவின் கொடையால் வால்டேரில் அறிவியல் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. உமாயூன் கபீர், ஈரேன் முகர்சி போன்ற இளம் அறிஞர்களை அவர் தொலைவிலிருந்து தேடி அழைத்து வந்தார்.

காசியில் ஓர் ஆகத்து மாதம்

1939-இல், மதன்மோகன் மாளவியா தொடங்கிய காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பு அவரிடம் வந்தது. தொடக்கத்தில் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்துகொண்டே, ஊதியம் பெறாமல் அப்பொறுப்பை ஏற்றார்.

1942 ஆகத்துத் திங்களில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. காசி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிப் போராட்டத்தில் இறங்கினர். அரசு சினந்தது. படையினர் பல்கலைக்கழக வளாகத்திற்குள் புகுந்தனர். ஐக்கிய மாகாணத்தின் ஆளுநராக இருந்த மாரிசு ஆலெட்டு, பல்கலைக்கழகத்தை மூடி, வளாகத்தைப் போர்க்கால மருத்துவமனையாக மாற்ற எண்ணினார்.

இராதாகிருஷ்ணனின் நிலை மிகவும் இக்கட்டானது. அவர் ஆங்கில அரசிடம் பட்டம் பெற்றவர். ஆக்சுபோர்டில் பதவி வகித்தவர். போராட்ட மேடைகளில் ஏறாதவர். மாணவர்களைக் கைவிட்டு ஒதுங்கியிருந்தால் அவருக்கு எந்த இழப்பும் நேர்ந்திராது. மாணவர்களோடு சேர்ந்து முழக்கமிட்டிருந்தாலோ பல்கலைக்கழகமே பறிபோயிருக்கும். அவர் தில்லிக்கு விரைந்து அரசப் பிரதிநிதியிடம் முறையிட்டார். ஆளுநரின் திட்டம் கைவிடப்பட்டது. பல்கலைக்கழகம் பிழைத்தது, வகுப்புகள் மீண்டும் தொடங்கின. ஆயினும் அரசு நிதியுதவியை நிறுத்தியது. துணைவேந்தர் நாடெங்கும் பயணம் செய்து, நன்கொடை திரட்டி, ஆசிரியர்களுக்கு ஊதியம் கொடுத்தார். பலர் கூடும் இடங்களைத் தவிர்த்த அம்மனிதர், செல்வர்களின் வாயிற்படிகளில் நின்று பிறருக்காகக் கேட்கக் கற்றுக்கொண்டார்.

துணைவேந்தர் எழுதிய நூல்களை அம்மாணவர்களுள் பலர் படித்திருக்க மாட்டார்கள். அவர் தங்களுக்காக யாரிடம் சென்று நின்றார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கல்விக்குள் திடலும் தெருவும்

நாடு விடுதலை பெற்றது. 1948-ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியாவில் உயர்கல்வி எவ்வாறு அமைய வேண்டும் என்று ஆராயப் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் இராதாகிருஷ்ணன். சாகிர் உசேன், மேகநாத சாகா, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் ஆகியோரும், வெளிநாட்டு அறிஞர்களும் அதில் இடம்பெற்றனர். குழுவினர் நாடெங்கும் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று ஆசிரியர்களையும் மாணவர்களையும் சந்தித்தனர். 1949-இல் அறிக்கை முடிந்தது.

வாழ்நாள் முழுதும் நூல்களோடு வாழ்ந்த ஒருவர் தலைமையில் எழுந்த அறிக்கையில் நூலகமும் தேர்வும் பேசப்படுவது இயல்பு. வியப்பு என்னவென்றால், மாணவரின் உடலும் அவர்களின் கூட்டு வாழ்வும் அதில் தனி அதிகாரம் பெற்றதுதான். கல்லூரியில் சேரும்போதும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு மாணவருக்கும் மருத்துவ ஆய்வு நடத்த வேண்டும் என்றது அறிக்கை. குறைந்த செலவில் நண்பகல் உணவு கிடைக்க வேண்டும் என்றது. உடல் நலிவுற்றவர்கள், தேசிய மாணவர் படையில் சேர்ந்தவர்கள் நீங்கலாக, ஆண் பெண் இருபாலரும் இரண்டு ஆண்டுகள் உடற்கல்வி பெற வேண்டும் என்றது. மாணவர் மன்றங்கள் கட்சி அரசியலிலிருந்து இயன்றவரை விலகி நிற்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கடைசிப் பரிந்துரை எல்லாருக்கும் உவப்பானதாக இல்லை. காசியில் மாணவர் போராட்டத்தை நேரில் கண்டவர் இதைச் சொன்னது ஏன் என்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. அந்நியர் ஆட்சியில் செய்ய வேண்டியது வேறு, தன்னாட்சியில் செய்ய வேண்டியது வேறு என அவர் கருதியிருக்கலாம்.

ஊர்ப்புறப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்னும் கருத்தும் அவ்வறிக்கையில் விரிவாக இடம்பெற்றது. திண்டுக்கல் அருகே 1956-இல் தோன்றிய காந்திகிராம ஊரக நிறுவனம், பின்னர் அந்த எண்ணத்திற்கு உருக்கொடுத்த நிறுவனங்களுள் ஒன்று.

இன்னொரு பரிந்துரைதான் மிக நீண்ட வாழ்வு பெற்றது. கல்வி நிலையங்களில் மாணவர்கள் நாட்டுக்குத் தொண்டு செய்யும் வாய்ப்பு ஏற்படுத்தப்பட வேண்டும். அது ஆசிரியரையும் மாணவரையும் நெருங்கச் செய்யும். கல்லூரி வளாகத்தையும் அதைச் சுற்றி வாழும் மக்களையும் இணைக்கும். ஆனால் அத்தொண்டு அவரவர் தம் விருப்பத்தால் செய்வதாகவே இருக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ஊர்வழக்கு. ஏட்டை அறிந்த ஒருவரே அதை ஒப்புக்கொண்டு, ஏட்டைக் கடந்து செல்ல வழி கூறினார்.

விருப்பமா, கட்டாயமா?

தம் விருப்பத்தால் என்ற அச்சொல் எளிதில் ஏற்கப்படவில்லை. நாட்டில் பணியோ மலைபோல் இருந்தது. கிணறு வெட்ட வேண்டும். சாலை போட வேண்டும். எழுத்தறிவில்லாக் கோடிக்கணக்கானோருக்கு எழுத்தறிவிக்க வேண்டும். விருப்பமுள்ளவர் மட்டும் வந்தால் போதுமா? 1959-இல் சி. டி. தேசுமுக் தலைமையிலான குழு, பள்ளிக் கல்வியை முடித்துக் கல்லூரிக்குச் செல்ல விரும்பும் மாணவர் அனைவரும் ஏறத்தாழ ஓராண்டு நாட்டுப்பணி செய்வதைக் கட்டாயமாக்கலாம் என்றது. செலவு மிகுதி, நடைமுறைச் சிக்கல் மிகுதி எனக் கருதி அரசு அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு கே. ஜி. சையிதைன் பிற நாடுகளில் மாணவர் தொண்டு நடைபெறும் முறையை ஆராய்ந்து, தன்விருப்பமே ஏற்றது என்றார்.

1962-இல் இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானார். அவருடைய பிறந்தநாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படத் தொடங்கியது அவ்வாண்டில்தான் என்பதை எல்லா மாணவர்களும் அறிவர். பணிமாற்றம் பெறும் அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக மத்தியப் பள்ளிகள் அமைக்கும் திட்டம் ஏற்கப்பட்டதும் அதே ஆண்டு நவம்பரில்தான் என்பதைப் பலர் அறியார். 1963-64 கல்வியாண்டில், படைப்பிரிவுகள் நடத்தி வந்த 20 பள்ளிகள் முதல் மத்தியப் பள்ளிகளாயின.

சீனப் போருக்குப் பின், 1963-இல், கல்லூரிகளில் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. போர்க்காலத்தின் அச்சத்தில் அது தேவையெனத் தோன்றியது. ஆனால் சில ஆண்டுகளில், கட்டாயத்தால் திடலுக்கு வந்த மாணவர்கள் பலர் மனமின்றி நின்றனர், எதிர்ப்பும் எழுந்தது. 1967-இல் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு புதிய வழி ஒன்றைக் கண்டது. மாணவர்கள் விரும்பினால் தேசிய மாணவர் படையில் சேரலாம். அல்லது நாட்டு நலப்பணித் திட்டம் என்னும் புதிய அமைப்பில் சேர்ந்து மக்களிடையே பணி செய்யலாம். விளையாட்டில் சிறந்தவர்கள் இரண்டிலிருந்தும் விலக்குப் பெற்றுத் தேசிய விளையாட்டு அமைப்பில் பயிற்சி பெறலாம். எதில் சேர்வது என்பதை மாணவரே முடிவு செய்யும் நிலை வந்தது. 1968-இல் மாணவர் படையின் கட்டாயம் நீங்கியது.

1969 செப்டம்பர் 24-ஆம் நாள், காந்தியடிகளின் நூற்றாண்டில், அப்போதைய கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் சேர்ந்த தொண்டர்கள் 40,000 பேர். பின்னர் 1985-இல் அது மேனிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. இன்று குளம் தூர்வாரும், குருதிக்கொடை முகாம் நடத்தும், சிற்றூரில் ஏழு நாள் தங்கிப் பணிபுரியும் இளைஞர்கள் பலரும், அத்தொண்டில் தாமே விரும்பிச் சேர முடிவதற்குப் பின்னால் இருபது ஆண்டு விவாதம் உண்டு என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அத்திட்டம் தொடங்கிய நாளில் இராதாகிருஷ்ணனுக்கு வயது 81. குடியரசுத் தலைவர் பதவிக்காலம் முடிந்து, 1967 முதல் அவர் சென்னை மயிலாப்பூரில் தம் கிரிஜா இல்லத்தில் வாழ்ந்து வந்தார். துணைவி சிவகாமு 1956-லேயே மறைந்துவிட்டார். சுற்றிலும் நூல்கள் இருந்தன. 1975 ஏப்ரல் 17-ஆம் நாள் அவர் காலமானார். எட்வர்டு எலியட்சு சாலை என்று வெள்ளையர் பெயரால் வழங்கி வந்த அவ்வீட்டின் முன்சாலைக்கு இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர்.